ஐபிஎஸ்-ல கேஸ் டெஸ்ட் எடுக்கப்போறீங்களா? முன்னாடி என்ன செய்யணும், அன்னிக்கு எப்படி ஊதணும், ரிப்போர்ட்ட எப்படி பாக்கணும்

ஐபிஎஸ்னு, அதாவது எரிச்சல் குடல் நோய்னு, டாக்டர் சொல்லியாச்சு, சாப்பிட்ட கொஞ்ச நேரத்துலயே வயிறு கல்லு மாதிரி உப்பிக்குது, சாயங்காலம் ஆனா உடுப்பு இறுக்குது, கேஸ் பிரிஞ்சாலும் நிம்மதி இல்ல. இந்த நிலைமையில தான் முக்காவாசி பேர் இந்த கேஸ் டெஸ்டுக்கு, அதாவது ஹைட்ரஜன் மூச்சு டெஸ்டுக்கு வர்றாங்க. நான் இந்த டெஸ்ட் எடுக்குற ரூம்ல வேலை பாக்குறேன். டெஸ்ட் வீணாகி திரும்ப வர்றவங்கள நிறைய பாத்துட்டேன், அதுல மெஷின் தப்பு ரொம்ப கம்மி, முந்தின நாள் சாப்பிட்டதும் ஊதுன விதமும் தான் காரணமா இருக்கும். அதனால வரிசையா எழுதுறேன், வரிசைய மாத்தாதீங்க, ஏன்னா ஒவ்வொரு படியும் அதுக்கு முந்தின படிய நம்பி தான் இருக்கு.

1. கேஸ் டெஸ்டுக்கு முன்னாடி முடிக்க வேண்டிய டெஸ்டுகள்

நேரா மூச்சு டெஸ்டுக்கு ஓடி வராதீங்க. உப்புசம் வேற நோயாலயும் வரும், அத மொதல்ல தள்ளணும்.

மலத்துல ரத்தம், முயற்சி பண்ணாம எடை குறையுறது, ரத்த சோகை, காய்ச்சல், தூக்கத்துல இருந்து எழுப்பி விடுற வலி அல்லது பேதி, 50 வயசுக்கு மேல புதுசா ஆரம்பிச்ச தொந்தரவு, குடும்பத்துல குடல் புற்றுநோய் இருந்தது, இதுல ஒண்ணு இருந்தாலும் டாக்டர் கிட்ட அத தான் மொதல்ல சொல்லணும். நடுத்தர வயசு தாண்டின பொம்பளைங்களுக்கு புதுசா வந்து விடாம நிக்கிற உப்புசம்னா சினைப்பையையும் ஸ்கேன்ல பாக்கச் சொல்வாங்க, அத தள்ளிப்போடாதீங்க.

அப்புறம் சாதாரண ரத்த டெஸ்ட், உடம்புல அழற்சி இருக்கான்னு ரத்தத்துல பாக்குற சிஆர்பி, குடல்ல அழற்சி இருக்கான்னு மலத்துல பாக்குற கால்ப்ரொடெக்டின், சீலியாக் நோய்க்கான (கோதுமையில இருக்குற குளூட்டனால சிறுகுடல் பாதிக்கிற நோய்) ரத்த டெஸ்ட். இந்த கடைசி டெஸ்ட்ல நிறைய பேர் தவறு பண்றாங்க, கோதுமை ஒத்துக்கலைன்னு தானா நிறுத்திட்டு சில மாசம் கழிச்சு டெஸ்ட் எடுக்குறாங்க, அப்போ நோய் இருந்தாலும் நெகட்டிவ்னு வந்துடலாம். சீலியாக் டெஸ்ட் முடியுற வரைக்கும் கோதுமைய நிறுத்தாம சாப்பிட்டுட்டு இருக்கணும்.

இன்னொரு விஷயமும் மொதல்லயே தெரிஞ்சிருக்கணும். 2021-ல வந்த பிரிட்டிஷ் குடல் மருத்துவ சங்கத்தோட வழிமுறை, வழக்கமான ஐபிஎஸ் அறிகுறி இருக்குற எல்லாருக்கும் இந்த மூச்சு டெஸ்ட் தேவையில்லைன்னு சொல்லுது. அமெரிக்க வழிமுறை எடுக்கலாம்னு சொல்லுது. அதனால உங்க டாக்டர் "வேண்டாம், மொதல்ல சாப்பாட்ட மாத்தி பாப்போம்"னு சொன்னா அவர் உங்கள அலட்சியப்படுத்துறார்னு நினைக்காதீங்க.

2. இந்த டெஸ்ட் எத அளக்குது

நம்ம உடம்போட செல்லுங்க எதுவும் ஹைட்ரஜனோ மீத்தேனோ உண்டாக்காது. குடல்ல இருக்குற கிருமிங்க மாவுச்சத்தையும் சர்க்கரையையும் புளிக்க வைக்கும்போது தான் அது வரும். அதுல ஒரு பங்கு ரத்தத்துல கலந்து, நுரையீரலுக்கு போய், மூச்சுல வெளிய வரும். அத தான் பிபிஎம் கணக்குல, அதாவது பத்து லட்சத்துல எத்தனை பங்குன்னு, மெஷின் அளக்குது.

அப்போ வயித்துல எவ்வளவு கேஸ் அடைஞ்சு கிடக்குதுன்னு இது சொல்லாது. எந்த சர்க்கரை, எந்த நேரத்துல, எவ்வளவு வேகமா புளிக்குதுன்னு சொல்லும். இந்த வித்தியாசம் மனசுல இருந்தா தான் ரிப்போர்ட் பாக்கும்போது குழம்ப மாட்டீங்க.

3. எந்த சர்க்கரைன்னு முடிவு பண்றது

டாக்டர் சீட்டுல வெறும் "மூச்சு டெஸ்ட்"னு எழுதியிருந்தா எந்த சர்க்கரைன்னு கேட்டு எழுதி வாங்கிட்டு வாங்க. நாலு வகை இருக்கு, ஒவ்வொண்ணும் ஒவ்வொரு கேள்விக்கு பதில் சொல்லும். 2017-ல வட அமெரிக்க நிபுணர் குழு சொன்ன அளவு தான் கீழ இருக்கறது.

பால் ஒத்துக்கலையான்னு பாக்க லாக்டோஸ் 25 கிராம். பழச்சர்க்கரை ஒத்துக்கலையான்னு பாக்க ஃப்ரக்டோஸ் 25 கிராம். சிறுகுடல்ல இருக்கக்கூடாத அளவுக்கு கிருமி பெருகியிருக்கான்னு பாக்க குளுக்கோஸ் 75 கிராம், இல்லன்னா லாக்டுலோஸ் 10 கிராம்.

கடைசி ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்னு எல்லாரும் கேப்பாங்க. குளுக்கோஸ் சிறுகுடலோட ஆரம்பத்துலயே உடம்புல ஏறிடும், அதனால அங்க கிருமி இருந்தா சரியா காட்டும், ஆனா கீழ்ப்பகுதியில மட்டும் கிருமி இருந்தா அது வரைக்கும் சர்க்கரை போகவே போகாது, தப்பிச்சிடும். லாக்டுலோஸ் யார் உடம்புலயும் ஏறாது, முழு குடலையும் தாண்டி பெருங்குடல் வரைக்கும் போகும், ஆனா அதுவே குடல வேகமா ஓட வைக்கிறதால இல்லாத நோய இருக்குற மாதிரி காட்ட வாய்ப்பு அதிகம்.

சுகர் இருக்குறவங்க 75 கிராம் குளுக்கோஸ டாக்டர் கிட்ட கேக்காம குடிக்கவே கூடாது. பிறவியிலயே ஃப்ரக்டோஸ் ஏத்துக்காத பரம்பரை நோய் இருக்குறவங்களுக்கு ஃப்ரக்டோஸ் டெஸ்ட் ஆபத்து. சின்ன வயசுல இருந்தே பழமோ இனிப்போ சாப்பிட்டா வாந்தி, மயக்கம் வரும்னு சொல்றவங்கள நாங்க நிறுத்தி மறுபடி டாக்டர் கிட்ட அனுப்புவோம். ஒரே நாள்ல ரெண்டு சர்க்கரை டெஸ்டும் எடுக்க முடியாது, மொதல் சர்க்கரையோட கேஸ் ரெண்டாவது ரீடிங்ல கலந்துடும்.

4. நாலு வாரத்துக்கு முன்னாடி காலண்டர்ல குறிக்கிறது

டேட் வாங்குறதுக்கு முன்னாடி பின்னால எண்ணிப் பாருங்க. கடைசியா ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டு நாலு வாரம் ஆகியிருக்கணும். பல்லுக்கு, சளிக்கு, சிறுநீர் தொற்றுக்குன்னு எதுக்கு சாப்பிட்டிருந்தாலும் கணக்கு தான், கிருமிய குறைச்சு வச்சிருக்கும்போது டெஸ்ட் எடுத்தா கிராஃப் பொய்யா படுத்துக்கும். கொலனோஸ்கோப்பிக்காக குடல கழுவியிருந்தாலும் இதே காரணம் தான், ரெண்டுல இருந்து நாலு வாரம் விடணும். ரெண்டையும் ஒரே வாரத்துல முடிச்சுடலாம்னு வர்றவங்க இருக்காங்க, வேண்டாம்.

மலமிளக்கியும், குடல் அசைவ கூட்டுற மருந்தும் ஒரு வாரம் முன்னாடி நிறுத்தணும், ஆனா உங்களுக்கு நிறுத்தினா தாங்குமான்னு டாக்டர் சொல்லணும். பிரஷர், சுகர், தைராய்டு, மனசுக்கான மாத்திரை எதையும் நீங்களா நிறுத்தாதீங்க.

5. முந்தின நாள் சாப்பாடு (பாதி டெஸ்ட் இதுல தான் இருக்கு)

பேஸ்லைன்னு ஒண்ணு இருக்கு, சர்க்கரை குடிக்கிறதுக்கு முன்னாடி ஊதுற மொதல் ரீடிங். அது தாழ்வா இருந்தா தான் மேல ஏறுறது தெரியும். முந்தின நாள் சாப்பிட்ட நார்ச்சத்து காலையிலயும் பெருங்குடல்ல புளிச்சிட்டே இருந்தா பேஸ்லைனே 25, 30-னு நிக்கும், அதுக்கு மேல வர்ற எந்த நம்பரையும் நம்ப முடியாது. அப்படி வந்தா நாங்க சர்க்கரைய கொடுக்காம வீட்டுக்கு அனுப்பிடுவோம்.

சாப்பிடலாம்னா வெள்ளை அரிசி சோறு, முட்டை, மீன், கோழி, கொஞ்சம் எண்ணெய், உப்பு, தண்ணி, பாலும் சர்க்கரையும் இல்லாத காபி டீ. வெள்ளை அரிசி ஏன்னா அதோட மாவுச்சத்து கிட்டத்தட்ட முழுசா சிறுகுடல்லயே செரிச்சிடும், கீழ கிருமிக்கு மிச்சம் ரொம்ப கம்மி.

கூடாதது: பருப்பு, பயறு, கோதுமை, பால், பழம், காய்கறி, வெங்காயம், பூண்டு, தேன், கொட்டைங்க, குளிர்பானம். சைவம் சாப்பிடுறவங்களுக்கு இந்த ஒரு நாள் கஷ்டம் தான், தெரியும், வெறும் சோறும் உப்பும் எண்ணெயும்னு ஓட்டிடுங்க, முட்டை சேத்துக்கறவங்களா இருந்தா அது போதும்.

மலச்சிக்கல் இருக்குறவங்களுக்கு ஒரு நாள் பத்தாது, ரெண்டு நாள் இப்படி சாப்பிடுங்க, பழைய மிச்சம் உள்ளயே தங்கி மெதுவா புளிச்சிட்டு இருக்கும்.

எங்க ரூம்ல ஒரு அம்மா ரெண்டு தடவை திரும்பிப் போனாங்க. ரெண்டு தடவையும் பேஸ்லைன் 30-அ தாண்டிச்சு, சோறும் முட்டையும் மட்டும் தான் சாப்பிட்டேன்னு உறுதியா சொன்னாங்க, பொய் சொல்ற ஆளும் கிடையாது. மூணாவது தடவை அவங்க பைய திறந்து, முந்தின நாள் வாய்க்குள்ள போனது எல்லாத்தையும் ஒண்ணொண்ணா எடுத்து காட்டச் சொன்னேன். இருமல் சிரப் ஒண்ணு, சர்க்கரை இல்லாத மிட்டாய் ஒரு டப்பா. ரெண்டுலயும் சார்பிடால்ங்கற இனிப்பு, அது உடம்புல சரியா ஏறாது, கிருமிக்கு நேரா போய் சேரும். அவங்க அத சாப்பாடுன்னே நினைக்கல. அதனால தான் இப்போ எல்லார் கிட்டயும் "என்ன சாப்பிட்டீங்க"ன்னு கேக்காம "வாயில என்னெல்லாம் போட்டீங்க"ன்னு கேக்குறேன்.

ராத்திரி சாப்பாட்ட சீக்கிரம் முடிச்சிடுங்க. 8 மணி நேரத்துல இருந்து 12 மணி நேரம் வயிறு காலியா இருக்கணும், 12-னே வச்சுக்கோங்க. தண்ணி குடிக்கலாம்.

6. டெஸ்ட் அன்னிக்கு காலையில

பல்லு தேய்ச்சு வாய நல்லா கொப்பளிச்சுட்டு வாங்க, ஆன்டிசெப்டிக் மவுத்வாஷ் இருந்தா இன்னும் நல்லது. வாயில இருக்குற கிருமியும் சர்க்கரைய புளிக்க வைக்கும், அது மொதல் பத்து இருபது நிமிஷத்துல ஒரு பொய் ஏத்தத்த காட்டும்.

சிகரெட் கூடாது, ஒண்ணு கூட, புகையாலயே மூச்சுல ஹைட்ரஜன் ஏறும். சூயிங் கம், மிட்டாய் கூடாது. உடற்பயிற்சி பண்ணிட்டு மூச்சு வாங்க வராதீங்க, வேகமா மூச்சு விட்டா கேஸ் நீர்த்துப்போய் நம்பர் குறையும். படிக்கிறதுக்கு ஏதாவதும் ஒரு பேனாவும் பேப்பரும் எடுத்துட்டு வாங்க, பேனா எதுக்குன்னு எட்டாவது படியில சொல்றேன்.

7. ஊதுற முறை

பலூன் ஊதுற மாதிரி கன்னத்த உப்பி பலமா ஊதுறது தான் எல்லாரும் பண்ற மொதல் தவறு. வாய், தொண்டை, மூச்சுக்குழாயில இருக்குற காத்து ரத்தத்த தொட்டதே இல்ல, அது வெளிய இருந்து இழுத்த காத்து தான். நமக்கு வேண்டியது நுரையீரலோட அடியில இருந்து கடைசியா வர்ற காத்து.

அதனால இப்படி பண்ணுங்க. சாதாரணமா மூச்ச உள்ள இழுங்க, ரொம்ப ஆழமா வேண்டாம். வாய மூடி 15 விநாடி புடிச்சு வைங்க. உதட்ட ஊதுகுழாய சுத்தி இறுக்கமா மூடி, மெதுவா, ஒரே சீரா விடுங்க. மொத பாதி காத்து போகட்டும், கடைசி பாதி தான் பையிலயோ குழாயிலயோ சேரணும். மூக்கு வழியா காத்து கசியுதுன்னா ஒரு கையால மூக்க புடிச்சுக்கோங்க. நல்ல மெஷின் கூடவே கார்பன் டை ஆக்சைடோ ஆக்சிஜனோ அளந்து சாம்பிள் சரியான்னு பாத்து நம்பர திருத்திக்கும், ஆனா ரொம்ப மோசமா ஊதுன சாம்பிள எந்த திருத்தமும் காப்பாத்தாது.

வீட்டுலயே எடுத்து அனுப்புற கிட்டா இருந்தா கூடுதல் கவனம் வேணும். குழாய்ங்க எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். ஆரம்பிக்குறதுக்கு முன்னாடியே எல்லா ஸ்டிக்கர்லயும் நம்பரும் நேரமும் எழுதி வரிசையா அடுக்கி வச்சிடுங்க. அப்புறம் எழுதலாம்னு விட்டா அஞ்சாவதா ஆறாவதான்னு குழப்பம் வரும், வரிசை மாறுன கிராஃப யாரும் படிக்க முடியாது.

பேஸ்லைன் ஊதுன பிறகு தான் சர்க்கரை தண்ணி. அஞ்சு நிமிஷத்துக்குள்ள குடிச்சு முடிச்சிட்டு, தண்ணியால வாய கொப்பளிச்சு துப்புங்க. குடிச்ச நேரம் தான் சைபர் நிமிஷம், அத எழுதுங்க.

8. அடுத்த மூணு மணி நேரம்

லாக்டுலோஸ், குளுக்கோஸ்க்கு 15 அல்லது 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை ஊதணும், லாக்டோஸ், ஃப்ரக்டோஸ்க்கு பல இடத்துல 30 நிமிஷத்துக்கு ஒரு தடவை. போன்ல அலாரம் வைங்க. பத்து நிமிஷம் தள்ளிப்போனா பரவால்லன்னு நினைக்காதீங்க, 90 நிமிஷம்ங்கற கோடு (ஒன்பதாவது படியில வரும்) ஒரு ரீடிங்ல முடிவ மாத்திடும்.

தூங்காதீங்க. தூங்கும்போது மூச்சு மெதுவாகி ஹைட்ரஜன் ஏறிடும். நடந்துட்டே இருக்கவும் வேண்டாம், உக்காந்து இருங்க.

இப்போ அந்த பேனா. ஒவ்வொரு தடவை ஊதும்போதும் பக்கத்துலயே நாலு விஷயம் எழுதுங்க: வலி, உப்புசம், இரைச்சல், கேஸ் பிரியுறது. ஒவ்வொண்ணுக்கும் 0-ல இருந்து 10 வரைக்கும் மார்க். இத பாதிப்பேர் விட்டுடுறாங்க, எனக்கு ரொம்ப வருத்தமா இருக்கற விஷயம் இது தான், ஏன்னா நம்பர் மட்டும் இருந்தா "சர்க்கரை புளிக்குது"ன்னு தான் சொல்ல முடியும், அதே நேரத்துல வலியும் ஏறியிருந்தா தான் "இந்த சர்க்கரை தான் உங்கள படுத்துது"ன்னு சொல்ல முடியும். லாக்டோஸ் 120 நிமிஷத்துல 48-க்கு ஏறியிருக்கு, அதே 120-ல வலி 7-னு எழுதியிருக்கீங்கன்னா கேள்விக்கு பதில் கிடைச்சாச்சு. 48-க்கு ஏறியும் எல்லாமே 0-ன்னா பால் முழுசா செரிக்கலை, ஆனா உங்க ஐபிஎஸ் வலிக்கு காரணம் வேற எங்கயோ இருக்கு.

9. ரிப்போர்ட் படிக்கிறது

லாக்டோஸ், ஃப்ரக்டோஸ்: மூணு மணி நேரத்துக்குள்ள பேஸ்லைன்ல இருந்து 20 பிபிஎம் அல்லது அதுக்கு மேல ஹைட்ரஜன் ஏறுனா பாசிட்டிவ்.

சிறுகுடல் கிருமி பெருக்கம்: 90 நிமிஷத்துக்குள்ள பேஸ்லைன்ல இருந்து 20 பிபிஎம் ஏறணும்.

மீத்தேன்: எந்த நேரத்துல 10 பிபிஎம் இருந்தாலும் பாசிட்டிவ், ஏறணும்ங்கற கணக்கு கிடையாது.

லாக்டுலோஸ் ரிப்போர்ட் ஒண்ணு உதாரணமா பாப்போம். பேஸ்லைன் 4, அப்புறம் 15 நிமிஷத்துக்கு ஒண்ணா 5, 5, 7, 9, 14, 22, அதுக்கடுத்தது 41. 90-வது நிமிஷம் வந்தது 22, அதுல 4 கழிச்சா 18, அதாவது நெகட்டிவ். நிறைய பேர் 22-அ பாத்து 20 தாண்டிருச்சேன்னு பதறிடுறாங்க, ஏத்தத்த தான் பாக்கணும், மொத்த நம்பர இல்ல. அந்த 41 என்னன்னா லாக்டுலோஸ் பெருங்குடலுக்கு போய் சேந்துடுச்சு, அங்க கிருமி இருக்கத்தான் செய்யும், எல்லாருக்கும் ஏறும்.

இப்போ இதே ஆளுக்கு பேதி வகை ஐபிஎஸ், குடல் வேகமா ஓடுதுன்னு வைங்க. அந்த 41 ஒரு மணி நேரத்துலயே வந்துடும். ரிப்போர்ட் பாசிட்டிவ்னு அச்சாகும், ஆனா சிறுகுடல்ல ஒண்ணும் இல்லாமலும் இருக்கலாம். அதனால லாக்டுலோஸ்ல 75, 90 நிமிஷத்துக்கு பக்கத்துல கோட்ட தாண்டுன பாசிட்டிவ்ன்னா டாக்டர் கிட்ட "குடல் வேகத்தாலயும் இப்படி வருமா"ன்னு தைரியமா கேளுங்க.

கடைசி வரைக்கும் 3, 4-னு படுத்தே கிடக்குற கிராஃப் வந்தா உடனே நார்மல்னு முடிவு பண்ணாதீங்க. மெஷின் மீத்தேனையும் அளந்துச்சான்னு பாருங்க. குடல்ல மீத்தேனோபிரெவிபேக்டர் ஸ்மித்தியைன்னு ஒரு நுண்ணுயிர் இருக்கு, அது நாலு ஹைட்ரஜன் மூலக்கூற தின்னு ஒரு மீத்தேன் மூலக்கூற வெளிய விடும். ஹைட்ரஜன் மட்டும் அளக்குற மெஷின் அங்க ஏமாந்துடும். மலச்சிக்கல் வகை ஐபிஎஸ் இருக்குறவங்களுக்கு இது முக்கியம், மீத்தேனுக்கும் மலச்சிக்கலுக்கும் தொடர்பு இருக்கு. டேட் வாங்கும்போதே "மீத்தேன் அளப்பீங்களா"ன்னு கேட்டுட்டு வாங்குங்க.

10. எல்லாம் நார்மல், ஆனா வயிறு உப்புதே?

இந்த கேள்விய கேக்கும்போது சில பேரோட கண்ணு கலங்கிடும், தன்ன யாரும் நம்பலையேன்னு. உங்க உப்புசம் உண்மை. நல்லா இருக்குறவங்க குடல்லயும் எந்த நேரமும் சுமார் 200 மில்லி கேஸ் இருக்கும். ஐபிஎஸ் இருக்குற நிறைய பேருக்கு அளவு அத விட பெருசா ஒண்ணும் கூடுறதில்ல, குடல் அத கீழ தள்ளுறதுலயும் நரம்பு அத உணர்றதுலயும் தான் பிரச்னை. பார்சிலோனாவுல சிறுகுடலுக்குள்ள கேஸ மெதுவா செலுத்திப் பாத்தாங்க. 20 ஐபிஎஸ் நோயாளிங்கள்ல 18 பேருக்கு கேஸ் தங்கிச்சு, இல்ல தொந்தரவோ வீக்கமோ வந்துச்சு, நோய் இல்லாத 20 பேர்ல 4 பேருக்கு தான் அப்படி ஆச்சு. செலுத்துன வேகம் எல்லாருக்கும் ஒண்ணு தான்.

சில பேருக்கு சாப்பிட்டதும் உதரவிதானம் கீழ இறங்கி வயித்துத் தசை தளந்துடும், கேஸ் கூடாமலே வயிறு முன்னாடி தள்ளும். இத வீட்டுலயே ஓரளவு பாக்கலாம். டேப்ப எடுத்து தொப்புள் மட்டத்துல, நின்னுட்டு, மூச்ச சாதாரணமா விட்ட பிறகு அளந்து எழுதுங்க. காலையில டாய்லெட் போயிட்டு வந்ததும் ஒண்ணு, ராத்திரி படுக்குறதுக்கு முன்னாடி ஒண்ணு, ரெண்டு வாரம். சாயங்காலம் கொஞ்சம் கூடுறது எல்லாருக்கும் இருக்கும். ஆனா உப்புசம்னு தோணுற நாள்ல சுற்றளவு கூடவே இல்லன்னா அது நரம்பு உணர்ச்சி பக்கம் கை காட்டுது, நிறைய கூடுதுன்னா தசையும் மலம் தங்குறதும் பக்கம் கை காட்டுது. டாக்டருக்கு இந்த ஒரு பேப்பர் ரொம்ப உதவும்.

11. ரிப்போர்ட் கையில வந்த பிறகு

லாக்டோஸ் பாசிட்டிவ்னா பால வாழ்க்கைல இருந்தே தூக்கிடுறாங்க, தேவையில்ல. டெஸ்ட்ல குடிச்ச 25 கிராம் கிட்டத்தட்ட அரை லிட்டர் பால்ல இருக்குற லாக்டோஸ், அதுவும் வெறும் வயித்துல ஒரே தடவையா. ஒரு கப் பால், அதாவது 12 கிராம் போல, சாப்பாட்டோட சேத்து குடிச்சா நிறைய பேருக்கு தாங்கும். கொஞ்சம் கொஞ்சமா கூட்டி உங்க எல்லைய கண்டுபிடிங்க.

கிருமி பெருக்கம் பாசிட்டிவ்னா ஆன்டிபயாட்டிக் வேணுமா வேண்டாமான்னு டாக்டர் முடிவு பண்ணட்டும், வீட்டுல மிச்சம் இருக்குற மாத்திரைய எடுத்து போடாதீங்க. மருந்தையும் சாப்பாட்டு மாத்தத்தையும் ஒரே நாள்ல ஆரம்பிக்காம இருக்க முடியுமான்னும் கேளுங்க, ரெண்டும் சேந்து நடந்தா எது வேலை செஞ்சதுன்னு யாருக்கும் தெரியாது. குறைந்த ஃபோட்மேப் சாப்பாடு (குடல்ல சீக்கிரம் புளிக்கிற சர்க்கரை வகைங்கள குறைக்கிற முறை) ஆரம்பிச்சா விலக்குற கட்டம் ரெண்டுல இருந்து ஆறு வாரம் தான், அப்புறம் ஒண்ணொண்ணா திரும்ப சேத்துப் பாக்கணும். அந்த ரெண்டாவது பாதிய விட்டுட்டு வருஷக்கணக்கா சோறும் முட்டையுமா இருக்குறவங்கள பாக்குறேன், இளைச்சு போய் தான் வர்றாங்க.

ரத்தத்துல ஐஜிஜிங்கற எதிர்ப்புப் பொருள அளந்து எந்த சாப்பாடு ஆகாதுன்னு லிஸ்ட் கொடுக்குற டெஸ்ட், மலத்துல எல்லா கிருமியையும் எண்ணி சொல்ற கிட், இந்த ரெண்டும் கேஸ் பிரச்னைக்கு காரணம் காட்டாது, அதுக்கு பணம் கட்டாதீங்க. திரும்ப மூச்சு டெஸ்ட் எடுக்கணும்னா மருந்து முடிஞ்சு நாலு வாரம் கழிச்சு, அதே சர்க்கரை, அதே அளவு, முடிஞ்சா அதே இடத்துல எடுங்க, பழைய ரீடிங் பேப்பரையும் உங்க கைப்பட எழுதுன மார்க் பேப்பரையும் கூட கொண்டு வாங்க.